மின்னாக்கிக்கு எந்த எண்ணெய்? புட்டியின் எண்களுக்குள் இருக்கும் அறிவியல்

நவம்பர் பிறந்துவிட்டால் நம் நாட்டின் கிழக்குக்கரை மாநிலங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். 2014 டிசம்பரில் கிளந்தானையும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வட்டாரத்தையும் மூழ்கடித்த வெள்ளத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். நீர்மட்டம் ஏறும்போது, மின்தாக்கு அபாயத்தைத் தவிர்க்கத் தெனாகா நேஷனல் துணைமின் நிலையங்களை அடைத்துவிடும். மின்சாரம் திரும்பி வர ஒரு நாளும் ஆகலாம். பல நாள்களும் ஆகலாம்.

விளக்கில்லாமல் இரண்டு இரவைக் கழித்துவிடலாம். ஆனால், குளிர்பெட்டியில் தாத்தாவின் இன்சுலின் இருக்கும் வீட்டிலும், மூச்சுக்கருவியை நம்பியிருக்கும் பாட்டி உள்ள வீட்டிலும் அப்படி இருந்துவிட முடியாது. இதற்காகவே பலர் ஜெனரேட்டர் எனப்படும் மின்னாக்கியை வாங்கி வைக்கிறார்கள். வாங்கிய பிறகு அதைச் சாமான் அறையின் மூலையில் தள்ளிவிட்டு மறந்தும் விடுகிறார்கள். தேவைப்படும் இரவில் அது இயங்குமா என்பதைத் தீர்மானிப்பவற்றுள் ஒன்று, அதனுள் இருக்கும் அரை லிட்டருக்குச் சற்றே கூடுதலான எண்ணெய்.

அந்த எண்ணெயை எப்படித் தேர்ந்தெடுப்பது? இது பட்டறைக்காரருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் இதற்கு விடை சொல்லும்.

ஒரு மணி நேரத்தில் 1,80,000 சுற்று

நம் வீட்டு மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். வீட்டில் பயன்படுத்தும் சிறிய மின்னாக்கிகளில் பெரும்பாலானவை இரண்டு காந்தத் துருவங்களைக் கொண்டவை. அவற்றில் அச்சு ஒருமுறை சுற்றினால் மின்னோட்டம் ஒரு முழு அலைவை முடிக்கும். எனவே 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் வினாடிக்கு 50 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்று தேவை. இன்வெர்ட்டர் வகை மின்னாக்கிகள் மட்டும் சுமைக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்.

மகிழுந்து சாலை விளக்கில் நிற்கும், இறக்கத்தில் இளைப்பாறும். மின்னாக்கிக்கு அந்த ஓய்வு இல்லை. ஒரு மணி நேரத்தில் 1,80,000 சுற்று. 100 மணி நேரத்தில் 1 கோடியே 80 லட்சம் சுற்று. இதே 100 மணி நேரம் ஒரு மகிழுந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் 8,000 கிலோமீட்டர் கடந்திருக்கும். மகிழுந்துக்கு எண்ணெய் மாற்றும் தூரமும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆனால், மகிழுந்தில் மூன்று, நான்கு லிட்டர் எண்ணெய் பகிர்ந்துகொள்ளும் வேலையைச் சிறு மின்னாக்கியில் சுமார் 0.6 லிட்டர் எண்ணெயே செய்கிறது. அதைக் குளிர்விக்க நீர்த்தொட்டியும் இல்லை. சிலிண்டரின் மேலுள்ள உலோகத் தகடுகளில் படும் காற்றுதான் வெப்பத்தை வெளியேற்றுகிறது.

மகிழுந்து எண்ணெயைக் கிலோமீட்டரால் கணக்கிடுவதைப் போல, மின்னாக்கியின் எண்ணெயை ஓடிய மணி நேரத்தால் கணக்கிட வேண்டும்.

பாகுத்தன்மை: 10டபிள்யூ-30 என்றால் என்ன?

ஒரு திரவம் ஓடுவதற்குத் தானே காட்டும் எதிர்ப்பைப் பாகுத்தன்மை என்கிறோம். தேன் மெல்ல வழிவதற்கும் தண்ணீர் விரைந்து ஓடுவதற்கும் காரணம் இதுதான். எந்திரத்தினுள் உலோகமும் உலோகமும் நேரடியாக உராயாதபடி இடையில் ஓர் எண்ணெய்ப் படலம் நிற்க வேண்டும். அந்தப் படலம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. எண்ணெய் மிக நீர்த்துப்போனால் படலம் கிழியும். மிகக் கெட்டியாக இருந்தால் உரிய இடத்துக்கு உடனே போய்ச் சேராது. எந்திரத்தின் ஆற்றலும் எண்ணெயைக் கலக்குவதிலேயே வீணாகும்.

இந்தப் பாகுத்தன்மையைத் தரம் பிரிக்க அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த எண்களே எண்ணெய்ப் புட்டிகளில் உள்ளன. 'எஸ்.ஏ.இ.' என்பது 1905-இல் தோன்றிய அந்தச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கம்.

10டபிள்யூ-30 என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் பின்னால் உள்ள 30-ஐப் பாருங்கள். எந்திரம் சூடாக ஓடும்போது, அதாவது 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில், எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை அது காட்டுகிறது. தரம் 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. தரம் 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரின் அளவு சுமார் 1. ஆகவே, கொதிநிலை வெப்பத்திலும் தரம் 30 எண்ணெய் அந்தத் தண்ணீரைப் போலப் பத்து மடங்கு பாகுத்தன்மை கொண்டது.

முன்னால் உள்ள 'டபிள்யூ' என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கிறது. 10டபிள்யூ எண்ணெயில் எந்திரம் சுழலுமா என்று சோதிப்பது உறைநிலைக்கு 25 பாகை கீழே! உங்கள் வீட்டு உறைபெட்டியே சுமார் -18 பாகைதான். கேமரன் மலையில்கூடத் தண்ணீர் உறைவதில்லை. எனவே, நம் நாட்டில் 5டபிள்யூ-30 வாங்குவதா, 10டபிள்யூ-30 வாங்குவதா என்று தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண்.

அப்படியானால் 'டபிள்யூ' இல்லாமல் வெறும் 'எஸ்.ஏ.இ. 30' என்று எழுதிய எண்ணெய் போதுமா? பல சிறு எந்திரங்களின் கையேடுகள் வெப்பமான இடங்களுக்கு அதை அனுமதிக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒற்றைத் தர எண்ணெய் 40 பாகையில் சுமார் 100 சென்டிஸ்டோக், 100 பாகையில் சுமார் 11. ஏறக்குறைய ஒன்பது மடங்கு வேறுபாடு! 10டபிள்யூ-30 எண்ணெயில் இந்த வேறுபாடு குறைவு. அதில் கலந்துள்ள நீண்ட பாலிமர் மூலக்கூறுகள் குளிரில் சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து, எண்ணெய் அளவுக்கு மீறி நீர்த்துப்போகாமல் தாங்கிப் பிடிக்கும். அதனால் எந்திரத்தை முடுக்கிய முதல் சில வினாடிகளில் பல்தர எண்ணெய் சற்று விரைவாகப் பரவும். தேய்மானம் அதிகம் நிகழ்வது அந்தத் தொடக்க நேரத்தில்தான்.

'நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான எண்ணெய்தான் நல்லது' என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றுவோரும் உண்டு. எந்திரத்தின் உறுப்புகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி உள்ளது என்பது அதை வடிவமைத்தவருக்குத்தான் தெரியும். கையேட்டில் உள்ள வெப்பநிலை அட்டவணையை எடுத்து, 24 முதல் 35 பாகை வரை உள்ள பகுதிக்கு எந்தத் தரம் என்று பாருங்கள். அதுவே விடை.

'எஸ்' பெட்ரோலுக்கு, 'சி' டீசலுக்கு

புட்டியின் பின்புறத்தில் 'ஏ.பி.ஐ.' என்ற வட்ட முத்திரை இருக்கும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் முத்திரை அது. அதில் எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என்., எஸ்.பி. போன்ற இரண்டு எழுத்துகளைக் காணலாம். முதல் எழுத்து 'எஸ்' என்றால் பெட்ரோல் எந்திரத்துக்கு உரியது. 'சி' என்றால் டீசலுக்கு உரியது. 'எஸ்' வரிசையில் இரண்டாம் எழுத்து அகர வரிசையில் பின்னால் செல்லச் செல்லத் தரம் புதியது என்று பொருள். எஸ்.பி. 2020-இல் வந்தது. உங்கள் கையேடு 'எஸ்.ஜே. அல்லது அதற்கு மேல்' என்று சொன்னால் எஸ்.என்., எஸ்.பி. இரண்டும் பொருந்தும்.

வீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய எண்ணெய் மீதம் இருக்கிறதா? அது நான்கு வீச்சு எந்திரத்துக்கு உரிய '4டி' எண்ணெயாக இருந்து, பாகுத்தன்மைத் தரமும் ஏ.பி.ஐ. எழுத்துகளும் கையேட்டோடு ஒத்துப்போனால் ஊற்றலாம். ஆனால் '2டி' எண்ணெயை ஒருபோதும் ஊற்றக்கூடாது. அது பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகவே செய்யப்பட்டது; நான்கு வீச்சு எந்திரத்தின் உறுப்புகளை அதனால் காக்க முடியாது.

கறுத்துப்போனால் கெட்டுவிட்டதா?

பட்டறையில் 'மிஞாக் ஹீத்தாம்' என்று கேட்டால்தான் பலருக்குப் புரியும். மலாயில் அதற்குக் 'கறுப்பெண்ணெய்' என்று பொருள். புதிய எண்ணெயோ பொன்னிறமாக இருக்கும். பிறகு ஏன் இந்தப் பெயர்?

எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரித்துகள் சிறிதளவு எண்ணெயில் கலக்கிறது. எண்ணெயில் உள்ள தூய்மைப்படுத்தும் சேர்மங்கள் அந்தத் துகள்களைத் தனித்தனியாகச் சூழ்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்க வைக்கின்றன. சவர்க்காரம் சட்டையின் அழுக்கைத் தண்ணீருக்குள் இழுப்பதைப் போன்றதே இதுவும். எனவே, எண்ணெய் கறுப்பது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். நிறத்தை மட்டும் வைத்து அது கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய முடியாது.

கவலைப்பட வேண்டிய நிறம் ஒன்று உண்டு. எண்ணெய் பால் கலந்த தேநீரைப் போல வெளுத்திருந்தால் அதனுள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். வெள்ளத்தில் நனைந்த மின்னாக்கியில் இப்படி நேரலாம். அதை முடுக்கவே கூடாது. தொழில்நுட்பரிடம் காட்டி, எண்ணெயை முழுவதும் வடித்துச் சரிபார்த்த பிறகே இயக்க வேண்டும்.

சும்மா இருந்தாலும் கெடும்

பல கையேடுகளில் '6 மாதம் அல்லது 100 மணி நேரம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுக' என்று இருக்கும். ஓடாத எந்திரத்துக்கு ஆறு மாதக் கணக்கு எதற்கு?

பெட்ரோல் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகும். எந்திரத்தை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால், எண்ணெய் போதுமான அளவு சூடேறாது. நீராவி குளிர்ந்து எண்ணெயிலேயே தங்கிவிடும். நம் நாட்டின் ஈரக்காற்றும் இதற்குத் துணைபோகும். எரிதலின்போது உண்டாகும் சில சேர்மங்கள் அந்த நீரோடு கூடி அமிலமாகும். எண்ணெயில் இதற்கென்றே காரத்தன்மையுள்ள சேர்மங்களைக் கலந்திருப்பார்கள். வயிற்றுப் புளிப்புக்கு நாம் விழுங்கும் மாத்திரையைப் போல அவை அமிலத்தை நடுநிலையாக்கும். மாத்திரை தீர்ந்துவிட்டால்? அமிலம் உலோகத்தை அரிக்கத் தொடங்கும்.

ஆகவே, மாதம் ஒருமுறை மின்னாக்கியை 15 முதல் 20 நிமிடம் ஓடவிட வேண்டும். வெறுமனே ஓடவிடாமல், விளக்கு, விசிறி போன்ற சுமையைக் கொடுங்கள். அப்போதுதான் எண்ணெய் நன்றாகச் சூடாகி, தேங்கிய நீர் ஆவியாக வெளியேறும். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ஆக்சிஜனோடு எண்ணெய் வினைபுரியும் வேகம், வெப்பம் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதனால் மின்னாக்கியைச் சுவரோடு ஒட்டி, காற்றோட்டமின்றி ஓட்டினால் எண்ணெய் சீக்கிரமே முதுமை அடையும். சீரான மூலக்கூறுகளால் ஆன செயற்கை எண்ணெய் இந்தச் சூட்டைக் கனிம எண்ணெயைவிட நன்றாகத் தாங்கும். ஆனால், அதை ஊற்றிவிட்டோம் என்பதற்காகக் கையேடு சொல்லும் கால அளவைத் தாண்டக் கூடாது.

வடிகட்டி இருக்கிறதா, இல்லையா?

இரண்டு, மூன்று கிலோவாட் மின்னாக்கிகள் பலவற்றில் எண்ணெய் வடிகட்டியே கிடையாது. எந்திரத்தின் அடியில் தேங்கியுள்ள எண்ணெயைக் கரண்டி போன்ற ஓர் உறுப்பு அடித்துத் தெறிக்க வைக்கும், அவ்வளவுதான். தேய்ந்த உலோகத் துகளும் கரியும் எண்ணெயிலேயே இருக்கும். அவற்றை வெளியேற்ற இருக்கும் ஒரே வழி, எண்ணெயை வடித்து மாற்றுவது. புதிய எந்திரத்தில் உறுப்புகள் ஒன்றோடொன்று பழகும்போது உலோகத் துகள் கூடுதலாக உதிரும். அதனால்தான் முதல் மாற்றத்தைப் பல கையேடுகள் 20 மணி நேரத்திலேயே செய்யச் சொல்கின்றன.

வீட்டுக்கு வெளியே நிலையாகப் பொருத்தப்படும் பெரிய மின்னாக்கிகளில், தகரக் குவளை போன்ற எண்ணெய் வடிகட்டி திருகப்பட்டிருக்கும். அதனுள் இருப்பது மடித்த காகிதம். ஏன் மடிக்க வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். 5 செ.மீ. விட்டமும் 6 செ.மீ. உயரமும் கொண்ட உருளையைச் சுற்றி ஒரு காகிதத்தை ஒட்டினால் அதன் பரப்பு சுமார் 94 சதுர செ.மீ. அதே உருளைக்குள் 1 செ.மீ. ஆழமுள்ள 50 மடிப்புகளை வைத்தால், 50 × 2 × 1 × 6 = 600 சதுர செ.மீ. ஏறக்குறைய ஓர் ஏ4 தாள்! பரப்பு கூடினால் எண்ணெய் எளிதாகக் கடக்கும். அழுக்கைப் பிடித்து வைக்கவும் இடம் கூடும்.

வடிகட்டி வாங்கும்போது 'பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது' என்பது போதாது. உள்ளே ஒரு சிறு அடைப்பிதழ் உண்டு. காகிதம் அடைத்துக்கொண்டால் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையாவது எந்திரத்துக்கு அனுப்பும். எண்ணெயே போகாமலிருப்பதைவிட அழுக்கான எண்ணெய் போவது மேல் அல்லவா! எந்த அழுத்தத்தில் அது திறக்கும் என்பது எந்திரத்துக்கு எந்திரம் மாறும். திருகின் அளவும் ரப்பர் வளையத்தின் விட்டமும் அப்படியே. கையேட்டில் உள்ள பாக எண்ணைக் கொண்டே வாங்குங்கள்.

காற்று வடிகட்டி எல்லா மின்னாக்கிகளிலும் உண்டு. 200 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எந்திரம் நிமிடத்துக்கு 1,500 முறை காற்றை உள்ளிழுக்கிறது. முழுச் சுமையில் அது நிமிடத்துக்கு 300 லிட்டரை நெருங்கும். அந்தக் காற்றில் உள்ள மணல் தூசி இரும்பைவிடக் கடினமானது. உள்ளே புகுந்தால் சிலிண்டரைத் தேய்த்துவிடும். பஞ்சு வகை வடிகட்டியைச் சவர்க்கார நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, சுத்தமான எந்திர எண்ணெயில் நனைத்துப் பிழிந்து பொருத்தலாம். காகித வகையைக் கழுவக் கூடாது. அழுக்கேறினால் மாற்றிவிட வேண்டும்.

செய்து பாருங்கள்

இரண்டு சிறிய நெகிழிப் புட்டிகளின் மூடியில் 2 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி துளையிடுங்கள். அடிப்பகுதியை வெட்டிவிட்டுத் தலைகீழாகப் பிடித்தால் புனல் தயார். ஒன்றில் அறை வெப்பத்தில் உள்ள சமையல் எண்ணெய் 100 மில்லிலிட்டர். மற்றொன்றில், வெந்நீரில் பாத்திரத்தை வைத்து 50 பாகைக்குச் சூடாக்கிய அதே எண்ணெய், அதே அளவு. இரண்டும் வடியும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்து ஒப்பிடுங்கள். எண்ணெயை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள்.

அடுத்து, செம்பனைச் சமையல் எண்ணெயைப் பனிக்கட்டி நீரில் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அது கலங்கிக் கெட்டியாகத் தொடங்கும். குளிர்நாட்டினருக்கு 'டபிள்யூ' ஏன் தேவைப்பட்டது என்பது அப்போது விளங்கும்.

வெள்ள காலக் கணக்கு

இப்போது கற்றதை ஒரு கணக்கில் பொருத்துவோம். மழைக்கு முன் வாங்கிய புதிய மின்னாக்கி. மின்சாரம் மூன்று நாள் இல்லை. இடைவிடாமல் ஓட்டினால் 72 மணி நேரம். முதல் எண்ணெய் மாற்றம் 20 மணி நேரத்தில் என்றால், அது முதல் நாள் முடிவதற்குள்ளேயே வந்துவிடும். அப்போது கடை திறந்திருக்குமா? சாலைதான் திறந்திருக்குமா?

ஆகவே, மின்னாக்கி வைத்திருக்கும் வீட்டில், உரிய தரமுள்ள எண்ணெய்ப் புட்டி ஒன்றும், பொருந்தும் வடிகட்டி இருந்தால் அதில் ஒன்றும் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பெட்ரோல் ஊற்றும்போதும் எந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, சமதளத்தில் வைத்து எண்ணெய் அளவையும் பாருங்கள். குறைந்தால் பல மின்னாக்கிகள் தாமாகவே நின்றுவிடும். பழுது என்று எண்ணிவிடாதீர்கள். அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு. எண்ணெய் நுரைத்துப் படலம் உடையும். ஓடிய மணி நேரத்தை ஒரு சிறு அட்டையில் எழுதித் தொங்கவிடுவது, மாணவராகிய நீங்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை.

வடித்த எண்ணெய் எங்கே போகும்?

கால்வாயில் ஊற்றவே கூடாது. 0.6 லிட்டர் எண்ணெய் நீர்மேல் ஒரு மைக்ரோமீட்டர் தடிமனில் பரவினால் 600 சதுர மீட்டரை மூடிவிடும். மலேசியச் சட்டப்படி பயன்படுத்திய மசகு எண்ணெய் அட்டவணைக் கழிவு. அதன் குறியீடு எஸ்.டபிள்யூ. 305. மூடியுள்ள புட்டியில் நிரப்பி, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். கையுறை அணிந்தே தொடுங்கள்.

உயிர் காக்கும் இரண்டு விதிகள்

எவ்வளவு நல்ல எண்ணெய் ஊற்றினாலும், மின்னாக்கியின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். வீட்டினுள், சமையலறையில், கார் நிறுத்தும் முகப்பில் எங்கும் மின்னாக்கியை ஓட்டக் கூடாது. கதவு, சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில், புகை வீட்டுக்கு எதிர்த் திசையில் போகும்படி வைக்க வேண்டும். வரிசை வீடுகளில் அண்டை வீட்டுச் சன்னலையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, மின்னாக்கியின் கம்பியைச் சுவரிலுள்ள செருகுவாயில் பொருத்தக் கூடாது. மின்சாரம் வெளியே பின்னோக்கி ஓடி, மின்மாற்றியில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து, கம்பத்தில் பழுது பார்க்கும் ஊழியரைக் கொன்றுவிடலாம். வீட்டு மின்சுற்றோடு இணைப்பதானால், உரிமம் பெற்ற மின்பணியாளர் மாற்று விசை பொருத்தித் தர வேண்டும்.

இந்த வாரம் உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ மின்னாக்கி இருந்தால், அதன் கையேட்டைத் தேடி எடுங்கள். மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாகுத்தன்மைத் தரம், ஏ.பி.ஐ. எழுத்துகள், எண்ணெய் மாற்ற வேண்டிய மணி நேரம். பிறகு, கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று காத்திருக்கிறது.